செத்தவரின் கண் சொன்ன நேரம்

டாக்டர் நல்லரத்தினத்தின் கல்லடி வீட்டுக்கு மார்கிறட் வந்தபோது அவள் காலில் செருப்பில்லை. தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் அழுதபடியே வந்திருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் அவளுடைய அண்ணன் சில்வெஸ்டர். ஊர் மீனை வாங்கி ஐஸ்பெட்டியில் கொழும்புக்கு அனுப்புகிறவன். 1969ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறான பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் அது. ஊரே புதுச்சட்டையோடு திரிய, இவள் புருஷன் பற்றிக் மட்டும் மறியலில் கிடந்தான். கொலைக் குற்றம். தூக்குத்தான் என்று சந்தியில் பேசிக்கொண்டார்கள்.

செத்தவர் மீனவர் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை, தனியாக வாழ்ந்த மனுஷன். சனிக்கிழமை காலை, வாவியில் பாதி தாழ்ந்த தோணிக்குள் தண்ணீரில் ஊறியபடி, பின்மண்டை உடைந்து கிடந்தார். கைகால் அப்போதுதான் விறைக்கத் தொடங்கியிருந்தது. உடம்பு ஊதவில்லை. ஆகவே அன்று விடியலில்தான் செத்தார் என்று மரண விசாரணை அதிகாரி எழுதிவிட்டார். அந்த விடியலில் பெரிய சனியென்றும் பாராமல் நண்டுக்குப் போன பற்றிக்கைத் தவிர வாவியில் வேறு ஆளில்லை. போதாததற்கு முந்தின வாரம்தான் வலை விரிக்கும் இடத்துக்காக அவரோடு சண்டை பிடித்து, 'உன்னை வாவியில தாட்டுப்போட்டுத்தான் மறுவேலை' என்று ஊர் கேட்கக் கத்தியிருந்தான். வாயைக் கொடுத்து வம்பை வாங்கிய கதைதான்.

பிரேத பரிசோதனை செய்தவர் டாக்டர் நல்லரத்தினம். அதிகம் பேசமாட்டார். மார்கிறட்டை உட்காரச் சொல்லிவிட்டு, பற்றிக் எங்கெங்கே இருந்தான் என்று நாள் வாரியாகக் கேட்டார். பெரிய வியாழன் பின்னேரம் கோயிலில் சாமியார் கால் கழுவிய பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன். இரவு முழுக்க அங்கேயே செபம். வெள்ளி பகல் முழுவதும் சிலுவைப்பாதை. அன்றைக்கு ஊரில் ஒரு தோணிகூட இறங்கவில்லை. பெரிய வெள்ளியில் அங்கே யாரும் வலை தொடுவதில்லை.

பஸ்தியாம்பிள்ளையைக் கடைசியாகக் கண்டது யார் என்று அடுத்து கேட்டார். வியாழன் ஐந்து மணிக்குச் சந்திக் கடையில் பலர் கண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சில்வெஸ்டர் ஒருவன்தான்.

"காய்ச்சல் எண்டு கோயிலுக்கும் வரல்ல, ஐயா. வெள்ளி பின்னேரம் நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தன்" என்றான் அவன். பிறகு சற்றுத் தயங்கி, செத்தவரின் கண்ணில் ஊசி குத்தியதாகச் சொல்கிறார்களே, அது ஏன் என்று கேட்டான்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். உயிர் போனதும் கண்ணுக்குள் இருக்கும் நீரில் பொற்றாசியம் என்ற உப்பு மெல்ல மெல்லக் கசிந்து ஏறும். எவ்வளவு ஏறியது என்று அளந்தால், செத்து எவ்வளவு நேரம் என்று ஏறக்குறையச் சொல்லலாம். அதை அளக்கும் கருவி வயல்மண் சோதிக்கிற கூடத்தில்தான் இருந்தது. அங்கே வேலை செய்யும் ஏறாவூர் ஹலீமிடம் அந்த நீரைக் கொடுத்திருந்தார்.

சொல்லி வாய் மூடவில்லை, ஹலீம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடிவந்தான். மண்ணையே அளந்து சலித்தவனுக்கு இது பெருநாள் மாதிரி.

"ரெண்டு தரம் அளந்தன், டாக்டர். நீங்க நீர் எடுக்கக்குள்ள செத்து முப்பது மணித்தியாலமாவது ஆகியிருக்கு."

டாக்டர் நீர் எடுத்தது சனி நண்பகல். முப்பது மணித்தியாலம் பின்னால் போனால் வெள்ளி விடியல். மார்கிறட் விரலை மடித்து எண்ணினாள். வியாழன் பின்னேரத்துக்கும் வெள்ளி விடியலுக்கும் நடுவில் அவள் புருஷன் கோயிலை விட்டு அசையவேயில்லை. "ஆண்டவரே" என்று அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப உடம்பு ஏன் பழுதாகல்ல?" என்று சில்வெஸ்டர் கேட்டான்.

"ஐஸ்" என்றார் டாக்டர். "காதுக்குள்ள உமி இருந்தது. ஐஸ் உருகாமல் இருக்கப் போடுற உமி. உடம்பு குளிர்ந்து கிடந்ததுக்கு வாவித் தண்ணி மேல பழி போட்டாச்சு. ஐஸ் அந்த உப்பு ஏறுறதையும் மெதுவாக்கும். ஆகவே முப்பதுக்குக் கூடுமே தவிரக் குறையாது."

ஹலீமுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் சொன்னபடி ஐஸ்கடை மீராசாஹிப்பையும் விசாரித்து வந்திருந்தான்.

"வியாழன் பொழுதுபடக்குள்ள ஒருவர் ரெண்டு பெரிய கட்டி வாங்கினவராம். நாளைக்கு உங்கட ஆக்கள் ஒரு மீனும் புடிக்கமாட்டாங்களே, வெறும் பெட்டிக்கு என்னத்துக்கு ஐஸ் எண்டு மீராசாஹிப் நானா பகிடி பண்ணினாராம். தேற்றாத்தீவு சில்வெஸ்டராம், டாக்டர். ஆளைத் தெரியுமா?"

ஹலீம் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தான். புரிந்ததும் அவன் கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது. மார்கிறட்டின் கை இன்னும் அண்ணனின் கையில்தான் இருந்தது.

சில்வெஸ்டர் தலை நிமிராமலே சொன்னான். அவன் வெடி போட்டு மீன் பிடித்ததைப் பாஸ்கு முடிந்ததும் பொலிசில் சொல்லப்போவதாக வியாழன் பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை வந்து நின்றாராம். பிடித்துத் தள்ளியதில் மண்டை ஐஸ்பெட்டி இரும்பில் அடிபட்டதாம். வெள்ளி முழுக்க உடம்பை ஐஸில் வைத்திருந்து, சனி விடியுமுன் தோணியில் கிடத்திவிட்டு, விடியும்போது நாலு பேர் காணப் பட்டணத்தில் நின்றானாம்.

"பற்றிக் அண்டைக்கு நண்டுக்குப் போவான் எண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்ச பிறகும் மூணு நாள் என்ர கையைப் புடிச்சிட்டு வந்தீங்களே, அண்ணன்" என்றாள் அவள்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பொலிசுக்குச் சொல்ல ஹலீம் சைக்கிளை எடுத்தான். சில்வெஸ்டர் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தான். மார்கிறட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள். பற்றிக்கை விட எத்தனை நாள் செல்லும் என்று கேட்டாள். நாலைந்து நாள் என்றார் அவர்.

"அதுவரைக்கும் மறியலில ரெண்டு பேருக்கும் நான் சோறு கொண்டுபோக விடுவாங்களா, ஐயா?"