தங்கையின் புள்ளி

பதினொரு நாளாகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த, காணாமல்போன தங்கையின் போன், பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சொன்னது. வரைபடத்தில் அந்த நீலப் புள்ளி அக்காவின் சொந்த வீட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்குப் பெற்ற வயிறு. "வந்துட்டாடி. கோவத்துல எங்கயோ ஒளிஞ்சிருக்கா" என்று அலமாரி அலமாரியாகத் திறந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். பரணிலிருந்த பழைய பெட்டிகளைக்கூட விடவில்லை. அக்கா மொட்டைமாடிக்கு ஓடினாள். தண்ணீர்த்தொட்டியின் மூடியைத் தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது தண்ணீர்தான் இருந்தது, அதில் தன் முகம்.

தங்கையைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு அக்கா போன் போட்டாள். புள்ளி ஐம்பதடி, நூறடி தள்ளிக் காட்டும், அதை நம்பி வீட்டைக் குடைய வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது அவளுக்குத் தெரியாததில்லை. தப்பான புள்ளிகளைத் திருத்துவதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. வானத்துச் செயற்கைக்கோளைப் பார்க்க முடியாத இடத்தில் ஒரு போன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். ஒவ்வொரு வீட்டு வைஃபை பெட்டியும் ஓயாமல் தன் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறது. எது எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று போன் ஒரு பட்டியல் போட்டு அனுப்பும். அந்தப் பட்டியல் எந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ, அங்கே புள்ளி விழும். பலத்தை மைனஸில் எழுதுவார்கள். மைனஸ் தொண்ணூறு என்றால் தெருக்கோடி. நாற்பது என்றால் பக்கத்து அறை. இருபது என்றால் கையெட்டும் தூரம்.

தன் அலுவலகத்தின் சோதனைச் செயலியைத் தங்கையின் போனில் ஏற்றி வைத்தவளும் அவள்தான். அதனால் புள்ளியை விட்டுவிட்டுப் பட்டியலையே எடுத்துப் பார்த்தாள்.

தங்கள் வீட்டுப் பெட்டி, மாடிக்குடித்தனத்தின் பெட்டி, எதிர் மருந்துக்கடையின் பெட்டி. எண்கள் சுத்தமாக இருந்தன, திருத்த ஒன்றுமில்லை. தன் போனை ஏந்திக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பத்தேகால் பட்டியல் சமையலறையில், அடுப்புக்கு இடதுபக்கம், அச்சுப் பிசகாமல் பொருந்தியது. பத்தரைப் பட்டியல் மொட்டைமாடியில், தண்ணீர்த்தொட்டியருகே.

பத்தேகாலுக்கு அக்காதான் அடுப்புக்கு இடதுபக்கம் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு எங்கே நின்றாள் என்பதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஆபீசுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் ஏழெட்டுப்பேர்தான். ஈரக் குடைகளின் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. ஜன்னல் கண்ணாடி விடாமல் கடகடத்தது. அந்தக் கடகடப்புக்கு நடுவே கால்மணிக்கொரு பட்டியல் வந்து விழுந்தது. செருப்புக்கடை, வங்கி, பல் மருத்துவர் என்று பஸ் கடந்துபோகும் கடைகளை வரிசை மாறாமல் அந்தப் போன் சொல்லிக்கொண்டே வந்தது. யாரோ அதைத் தன் பையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பையைச் சீட்டில் கவிழ்த்தாள். உள்துணியைக் கிழித்தாள். சுடிதாரின் ஓரத்தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அலுவலகத்துக்கு முன் நிறுத்தத்திலேயே இறங்கி, வண்டி ஒன்றுகூட இல்லாத பெரிய வாகன நிறுத்துமிடத்தின் நடுவில் போய் நின்று, தன் போனையும் ஒரு வைஃபை பெட்டிபோலக் கூவவிட்டாள். நாலாபக்கமும் ஈரச் சிமெண்ட்தான், ஆள் அரவமே இல்லை. அடுத்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் வந்தது. அவள் கையிலிருந்த அவளுடைய போன். மைனஸ் இருபத்திரண்டு.

கையெட்டும் தூரம். ஆனாலும் திரும்பி ஓடத் தோன்றவில்லை. காணாமல்போன அன்று மூன்று தடவை தங்கை கூப்பிட்டாள். மீட்டிங்கில் இருந்த அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்தாள். மூன்றாவது அழைப்புக்கு 'அப்புறம்' என்று ஒரு வார்த்தை தட்டிவிட்டாள். அந்த வார்த்தையைப் பதினொரு நாளாக முள்ளாக விழுங்கிக்கொண்டிருந்தாள். எந்தக் கோலத்தில் வந்தாலும் சரி, வந்தால் போதும்.

ஆபீசில் சோதனைக்கூடத்துப் பெரியவர் மட்டும் இருந்தார். அங்கே ஒரு இரும்பறை உண்டு. சுவர், கூரை, தரை எல்லாம் உலோகத்தகடு, அதன்மேல் கூர்கூரான கருப்பு நுரைக்கூம்புகள். வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே வராது, உள்ளிருப்பது வெளியே போகாது. அதன் சாவியைக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி பத்தி ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சிக்கத்தான் சார். அஞ்சே நிமிஷம். லைட்டையும் நிறுத்திடுங்க, அதோட இரைச்சல் கருவியில விழும்."

"தனியா வேணாம்மா. நானும் வரேன்."

"ரெண்டு பேர் இருந்தா அலை யாருகிட்டேருந்து வருதுன்னு தெரியாது சார்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனாலும் சாவியைத் தந்தார். தன் போன், கைக்கடிகாரம், பை எல்லாவற்றையும் அவர் மேசையில் வைத்துவிட்டு, அலைகளை அளக்கும் சிறு கருவியோடு மட்டும் உள்ளே போனாள். காது அடைக்கக் கதவு மூடிக்கொண்டது. விளக்கு அணைந்தது.

இப்படியொரு அமைதி வேறெங்கும் கிடையாது. பழைய நுரையின் புளித்த ரப்பர் வாடை. எதிரொலி இல்லாததால் சுவர் எங்கே முடிகிறது என்று காதுக்குத் தெரியவில்லை. தன் ரத்தம் ஓடுவது கேட்டது. கழுத்தெலும்பு திரும்புவது கேட்டது. கருவியின் மங்கிய எண்கள் மட்டும் சிவப்பாக மினுங்கின. ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம், ஒன்றுமில்லை. நிம்மதியில் பெருமூச்சு வந்தது, அதோடு அழுகையும். அப்படியென்றால் அவள் எங்குமே இல்லை.

"எங்கடி இருக்க?" என்றாள் இருட்டைப் பார்த்து. "இப்ப எடுக்கறேண்டி. வாடி."

கருவியில் ஒரு வரி வந்தது. தங்கையின் போன். மைனஸ் முப்பது.

கையை நீட்டிக் கருவியை இடப்பக்கம் கொண்டுபோனாள். குறைந்தது. வலப்பக்கம். குறைந்தது. மேலே, கீழே, முதுகுப்பக்கம், எங்கே கொண்டுபோனாலும் குறைந்தது. தன்பக்கம் திருப்பியபோது ஏறியது.

மைனஸ் இருபது. மைனஸ் பன்னிரண்டு.

நெஞ்சில் வைத்து அழுத்தினாள். மைனஸ் நான்கு.

இப்படியொரு எண்ணை அவள் பார்த்ததே இல்லை.

தொலைந்த போனை அதிரவைக்க அந்தக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள்.

இடது விலா எலும்புக்கு உள்ளே ஏதோ விர்ரென்று அதிர்ந்தது.

நின்றது. மறுபடி அதிர்ந்தது. இப்போது இன்னும் மேலே. தொண்டைக்குழியில்.

கருவி கையிலிருந்து நழுவியது. சிவப்பு எண்கள் அணைந்தன. கதவைத் தட்ட ஓடினாள். கதவு எந்தப்பக்கம்? கையில் நுரை குத்தியது. பெரியவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

ஆனால் எதிரே கூம்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, நீலவெளிச்சத்தில். விளக்கு எரியவில்லை. கதவு திறக்கவில்லை. தலையைத் திருப்பினாள். நிழல்களும் கூடவே திரும்பின.

வாயை மூடினாள். இருட்டு.

மெல்லத் திறந்தாள். அறை முழுக்க நூறு நூறு கூரான நிழல்கள் ஒரே சமயத்தில் அவளைவிட்டு விலகி நீண்டன. அவள் பற்களின் நிழல் அவற்றுக்கு நடுவே பெரிதாக விழுந்தது. அந்தப் பல் வரிசையை உள்ளிருந்து பிடித்தபடி, மெலிந்த நான்கு விரல்களின் நிழல்.