திரைக்குப் பின்னால் ஒரு மணமகள்

வாசற்படி ஈரமாக இருந்தது. கூண்டு வண்டிக்குள் உட்கார்ந்தே வந்த ஷாகிராவின் கால்கள் எப்படி நனைந்தன என்று குலாம் ரசூலுக்கு விளங்கவில்லை.

அடையாற்று முகத்துவாரத்தில் இருந்த அந்த விருந்தினர் பங்களாவின் வாசலோடு வண்டியை ஒட்டி நிறுத்தி, இருபுறமும் வெள்ளைத் துணி பிடித்துத்தான் மகளை இறக்கினார்கள். ஒரு பக்கம் காவல்காரன் மண்ணாங்கட்டி, மறுபக்கம் அவர். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவரும் திருப்பிக்கொண்டார். அது அவர் வீட்டு வழக்கம்.

மயிலாப்பூரில் தெருவே அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியது. நிச்சயம் முடியும்வரை இந்த மீனவக் குப்பத்தில் இருக்கட்டும் என்று அழைத்து வந்திருந்தார். இன்று மாலை மாப்பிள்ளையின் தாய் ஹாஜிரா பீ வளையல் போட வருகிறாள். இந்தச் சம்பந்தமும் கலைந்தால் கடைவீதியில் அவர் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அறையின் குறுக்கே தொங்கிய திரைக்குப் பின்னால் அவள் இருந்தாள்.

"டீ குடிக்கிறியாம்மா?"

திரை மட்டும் அசைந்தது. யுத்த இருட்டடிப்புக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல்கள் மாலை வெளிச்சத்தை வெளியிலேயே நிறுத்திவிட, கட்டுமரங்களின் மீன்வாடையோடு ஆற்றின் அடியில் மக்கிக் கிடக்கும் கறுப்புச் சேற்றின் வாடையும் அறையில் ஏறியது. சேற்று வாடை திரையின் பக்கமிருந்து வந்தது. ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

வரும் வழியில் ஆற்றின் மணல்திட்டைக் கடக்கும்போது வண்டிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டிருந்தாள். "அப்பாஜான், தண்ணி ஏறுது!" முன்னால் நடந்த அவர் திரும்பாமலே அதட்டினார்: "வண்டிக்காரன் காதுல விழுது. வாயை மூடு." அதன் பிறகு அவள் கூப்பிடவே இல்லை.

வெளியே ஆள் சத்தம்.

"சாயபு! கொஞ்சம் வெளிய வா." மண்ணாங்கட்டி கூப்பிட்டான். "வலையில ஒரு பொண்ணு மாட்டிக்கினு கீது. உசுரு இல்ல. உன் வண்டி வந்த பக்கந்தான்."

வாசலில் மீனவர்கள் அந்தப் பெண்ணைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். புருவத்தில் மகளுக்கு இருக்கும் அதே தழும்பு. ஷாகிரா.

அதே சமயம் ஹாஜிரா பீயின் வண்டி வாசலில் வந்து நின்றது.

"உன் பொண்ணா சாயபு?" மண்ணாங்கட்டி கேட்டான்.

ஊரார் ஆற்றில் விழுந்தாள் என்பார்கள். ஏன் விழுந்தாள் என்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அவர் முதுகை நிமிர்த்தினார்.

"இல்ல. என் மக உள்ள இருக்கா."

"நல்லவேள நைனா, பயந்தே பூட்டேன்!" மண்ணாங்கட்டி பெருமூச்சு விட்டான். பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாஜிரா பீ வளையல் தட்டோடு வந்தாள். "எங்க என் மருமக? அதுக்குள்ள வெக்கமா?" சிரித்துக்கொண்டே திரைக்குள் நுழைந்தாள்.

அவர் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

சிரிப்பு நின்றது.

வளையல் சத்தம் மட்டும். ஒவ்வொன்றாக. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எந்தக் கையும் அத்தனை வளையல் கொள்ளாது.

"அப்பாஜான்." ஷாகிராவின் குரல்தான். "மாமிக்கு என்னைப் பிடிச்சிருக்கு."

திரையின் கீழே ஹாஜிரா பீயின் பாதங்கள் தெரிந்தன. அவை தரையைத் தொடவில்லை.

திரை விலகியது. ஒரு கை. சேறு வழியும் வெளுத்த கை. முழங்கைக்குக் கீழே இன்னொரு முழங்கை. அதற்கும் கீழே இன்னொன்று. மணிக்கட்டுவரை கண்ணாடி வளையல்.

அது அவர் பக்கம் மடங்கியது.