கல்வெட்டில் பிழையில்லை

கிழக்கு மிதவூருக்கும் மேற்கு மிதவூருக்கும் நடுவே அன்று காலைவரை நாற்பது கிலோமீட்டர். வியாழனுக்கு அப்பால், பிடிமானமில்லாத வெட்டவெளியில் அவை விலகாமல் கிடந்ததற்குக் காரணம், ஊருக்கு ஒன்றாக இருந்த ஈர்ப்பகங்கள். கண்ணுக்குத் தெரியாத இருள்பொருளைத் திரட்டி நடுவே குவித்துவைப்பது அவற்றின் வேலை. அதன் எடைதான் இரண்டு ஊர்களையும் இழுத்துப் பிடித்திருந்தது.

கிழக்கு ஈர்ப்பகத்தின் பொறியாளர் செண்பகவடிவு. அவள் மகள் இசைவாணி மேற்கு ஊரில் விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமைதோறும் விண்படகில் வந்து, அம்மாவின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

புதுப்பித்த ஈர்ப்பகத்தைத் தலைவர் திறந்துவைக்க ஒரு மணி நேரம் இருந்தது. மேற்கில் விழா மறுநாள்; இரண்டு கல்வெட்டுக்கும் ஒரே வாசகம். செண்பகவடிவு அதைப் படித்துவிட்டு மேலதிகாரி சுந்தரவரதனிடம் போனாள்.

"சார், கல்லுல 'இருளாற்றல் ஈர்ப்பகம்'னு இருக்கு. நம்மளோடது இருள்பொருள்."

"ரெண்டும் இருட்டுதானேம்மா."

"இருள்பொருள் சேர்த்துப் பிடிக்கும் சார். இருளாற்றல் வெளியையே விரிச்சுத் தள்ளிவிடும். சரக்குக் கலத்தை உந்தித் தள்ளத்தான் அதைக் குடுவையில அடைச்சு வெச்சிருக்கோம்."

சுந்தரவரதன் குரலைத் தாழ்த்தினார். "தலைவரே எழுதின வாசகம். பதினொரு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

"எல்லாருமே கவனிச்சோம். யாரு மொதல்ல சொல்றதுன்னுதான் முடிவாகலை." அவர் ஒரு தாளை நீட்டினார். "கல்லை மாத்தினா பதினொரு பேரும் விளக்கம் எழுதணும். இயந்திரத்தை மாத்தினா உங்க ஒரு கையெழுத்து போதும். அந்தக் குடுவையைக் கொண்டுவந்து மாட்டுங்க. விழா முடிஞ்சதும் கழட்டிடலாம்."

"வெளியே விட்டா திரும்பப் பிடிக்க முடியாது சார். வெளி விரிய விரிய அது நீர்த்தே போகாது. புதுசா உண்டாகிற இடத்திலயும் அதே அடர்த்தியில இருக்கும்."

"குறையவே குறையாதா? அப்போ தலைவர் உரையில சேர்த்துடுவோம். எடுப்பா இருக்கும்."

அவள் தாளைத் தொடவில்லை. அவர் இன்னொரு தாளை அதன் பக்கத்தில் வைத்தார். சனிக்கோளின் வளையத்துப் பனிச்சுரங்கத்துக்கு இடமாற்றம். அங்கே போனால் மகளைப் பார்க்க இரண்டு வருடமாகும்.

செண்பகவடிவு முதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

தலைவர் விசையை அழுத்தினார். ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் காட்டும் திரையில் நாற்பது, நாற்பத்தொன்றானது. எண் ஏறினால் நல்லதுதான் என்ற நெடுநாள் பழக்கத்தில் கூட்டம் கை தட்டியது. நூறைத் தாண்டியபோது தலைவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஆயிரத்தைத் தாண்டியபோது கை தட்டிக்கொண்டே, தட்டாமல் இருப்பவர் யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியம் இசைவாணி அழைத்தாள். "அம்மா, படகு கிளம்பாதாம். ஜன்னல்ல பார்த்தா உங்க ஊரு ஒரு புள்ளியாத்தான் தெரியுது."

"உங்க ஊர் ஈர்ப்பகம் பழையபடி ஓடுதில்ல, அது இழுத்துப் பிடிக்கும். முழு வேகத்துல ஓட்டச் சொல்லி உங்க பொறியாளருக்கு எழுதியிருக்கேன். கல்லை நம்பாதீங்கன்னும் எழுதியிருக்கேன்."

அவள் சொன்னது பொய்யில்லை. விரிவு வலுக்கும் முன் மேற்கு ஈர்ப்பகம் முழு மூச்சில் இழுத்தால் ஒரு வாய்ப்பு இருந்தது. மறுநாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்திருந்தாள். எண் ஒரு கணம் தயங்கியதுபோலக்கூட இருந்தது.

மகளின் அடுத்த குரல் வந்துசேர இருபது நிமிடம் பிடித்தது.

"அம்மா, இங்கயும் விழா முடிஞ்சுது. தலைவரால வர முடியலை, திரையிலயே திறந்துவெச்சார். உன் கடிதத்தைப் பார்த்துட்டுப் பொறியாளர் சார் ஓடிப்போய்க் கல்லைப் படிச்சாராம். தப்பு இருந்தது நிஜம்தானாம். நல்லவேளை, விழாவுக்கு முன்னாடியே கல்லுல இருக்கிறபடி இயந்திரத்தைச் சரிபண்ணிட்டாங்களாம்."