நான்கு திருகாணிகள்

கம்ப்யூட்டரின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. மூன்று நாளாக அப்படித்தான் கிடக்கிறது என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். ஆனால் மெக்கானிக்கான தம்பி குந்தி உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்தபோது அது வெதுவெதுவென்று இருந்தது, தூங்கி எழுந்தவனின் முதுகைத் தொட்டதுபோல.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். திரை இழுத்து மூடியிருந்தது. அதன் ஓரங்களையும் விடாமல் யாரோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"என்னக்கா, சூடா இருக்கு?"

"இருக்கும்டா." அக்கா அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். "நீ சட்டுப்புட்டுனு புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிடு. இடம் பத்தலைன்னு மாமா ரொம்பத் தவிக்கிறார்."

"மாமா எங்க?"

"இங்கதான் இருக்கார்," என்றாள்.

குளியலறையில் இருப்பார் போலும் என்று அவன் விட்டுவிட்டான். நாலு மாதமாக மாமா அவனிடம் பேசவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அக்காதான் எடுப்பாள், வேலையாக இருக்கிறார் என்பாள். மாமா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அவர் தாலி கட்டியது கம்ப்யூட்டருக்கு, உன்னைச் சும்மா துணைக்குக் கூட்டிவந்தார் என்று தம்பி அக்காவைக் கேலி செய்வது வழக்கம். 

இருபது வருடத் தொழில். கேபினட்டுக்குள் கரப்பான் குடும்பங்களைப் பார்த்திருக்கிறான், பல்லி முட்டைகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறான், ஒருமுறை எலி ஒன்று குட்டி போட்டிருந்ததைத் தினசரித் தாளில் பொதிந்து வெளியே கொண்டு போயிருக்கிறான். அதற்கெல்லாம் சோறு இறங்காமல் போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் தகட்டைப் பிடித்து இழுத்தான்.

அது ஆறாத புண்ணிலிருந்து கட்டைப் பிரிப்பதுபோல, இழை இழையாக ஒட்டிக்கொண்டு, மெல்லச் சப்புக்கொட்டியபடி விலகிவந்தது. கூடவே ஒரு வாடை. பல நாள் பல் துலக்காத வாய் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டாற்போல, புளித்த பாலும் ஊறிய எச்சிலும் கலந்த கனமான வாடை. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தான். உள்ளே தூசி சாம்பலாக, உலர்ந்து இருக்கவில்லை. ஈரம் பாய்ந்து கொழகொழவென்று மதர்போர்டின்மேல் படிந்திருந்தது. துணியால் துடைத்தபோது துணிக்கும் போர்டுக்கும் நடுவே நூல் கட்டியது. மின்விசிறியின் இறக்கைகளில் காதுக்குள்ளிருந்து எடுக்கும் குறும்பிபோல மஞ்சள் பிசுக்கு.

"என்னக்கா கொட்டிட்டீங்க இதுல? கஞ்சியா?"

"பார்த்துத் துடைடா. அழுத்தாத."

அவள் குரலில் இருந்த பதற்றம் அவனுக்குப் புரியவில்லை.  வெள்ளி நிற உறையைக் கிழித்துப் புது டிஸ்க்கை எடுத்து, அதைப் பொருத்தும் ரேக்கின் வாயில் வைத்துத் தள்ளினான். முக்கால்வாசி சிக்கலில்லாமல் போனது. கடைசி அரை அங்குலத்தை அவன் தள்ளவில்லை. டிஸ்க் அவன் விரலிலிருந்து நழுவி, உறிஞ்சப்பட்டதுபோல் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது.

விரல் நுனியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஈரம்.

இந்தப் பக்கத்துக்கான இரண்டு திருகாணிகளையும் முடுக்கிவிட்டுக் கேபினட்டைத் திருப்பப் போனான்.

"அந்தப் பக்கம் திறக்க வேண்டாம்." அக்கா இப்போது அறைக்குள் வந்திருந்தாள். "ரெண்டு ஸ்க்ரூ போதாதா?"

"போதாதுக்கா. ஆடும். ஆடினா டிஸ்க் சீக்கிரம் போயிடும்."

"போயிடக் கூடாது," என்றாள் உடனே. "அப்ப இப்படியே கையை விட்டுப் போடேன். கூச்சப்படுவார்."

யாரென்று கேட்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை.  வேலையை முடித்துவிட்டு இந்த வாடையிலிருந்து ஓடிவிட வேண்டும். ஆனால் நான்கில் இரண்டை விட்டுவிட்டுப் போனதாகத் தன் தொழிலில் ஒரு நாளும் இல்லை. குட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் திருகாணியை ஒட்டவைத்து, ரேக்குக்கு அடியில் கையை நுழைத்து, மறுபுறத்துக்கு வளைத்தான்.

தகடு தட்டுப்படவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று கைமேல் அழுந்தியது. வழுவழுப்பு. அதற்கப்பால் சொரசொரப்பு, மழித்து நாலு நாளான முகவாய்போல. எலியாக இருக்கும். செத்த எலி. அப்படித்தான் சொல்லிக்கொண்டான். விரலால் துழாவி டிஸ்க்கின் துளையைக் கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு முடுக்கினான். இரும்பில் இரும்பு உரசும் ஓசை வரவில்லை. திருகாணி அழுகின பழத்தில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது. கேபினட் முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது.

உள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு.

"பொறுத்துக்கோங்க," என்றாள் அக்கா. அவனிடம் அல்ல. "இன்னும் ஒண்ணுதான்."

நான்காவதும் இறங்கியது. சூடான ஏதோ மணிக்கட்டில் வழிந்து முழங்கைவரை ஓடியது.

அப்போது டிஸ்க் சுழல ஆரம்பித்தது.

டிஸ்க்கில் மாட்ட வேண்டிய கேபிள்கள் இன்னும் அவன் மடியில்தான் இருந்தன. இரண்டும். பிளக் தரையில் கிடந்தது.

கையை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். மணிக்கட்டைச் சுற்றி மெத்தென்று ஒரு பிடி. பிடி இறுகியது. தளர்ந்தது. அகலமான, கதகதப்பான ஒன்று அவன் மணிக்கட்டு நாடியிலிருந்து விரல் நுனிவரை மெதுவாகத் தடவிப்போனது.

நக்கியது.

அவன் கத்தவில்லை. கத்த வாயைத் திறந்தால் அந்த வாடை உள்ளே போய்விடும். காலைக் கேபினட்டில் முட்டுக்கொடுத்து உடம்பையே பின்னால் எறிந்தான். கை வந்துவிட்டது. கேபினட் சாய்ந்தது. மறுபுறத் தகடு கழன்று, தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது.

பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தான்.

தகடு இருந்த இடம் முழுக்கத் தோல். வியர்த்த, வெளிறிய தோல், மூலைக்கு மூலை இழுத்து ஒட்டப்பட்டு, ரேக்கின் கம்பிகளுக்கு நடுவே பிதுங்கி நின்றது. மாமாவின் நரைத்த முள்முடி. நடுவில் ஒரு வாய். உதடுகள் புது டிஸ்க்கைச் சுற்றிக் கவ்வியிருந்தன. மேல் ஈறில் ஒன்று, கீழ் ஈறில் ஒன்று. அவன் கையால் முடுக்கிய திருகாணிகள், தலை மட்டும் பளபளக்க.

அக்கா முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். துண்டால் ரத்தத்தையும் எச்சிலையும் ஒற்றி எடுத்தாள். பிறகு குனிந்து, டிஸ்க்கைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடலை," என்றாள் தம்பியைப் பார்த்து, கண் நிறைய. "நல்லா போட்டிருக்கடா."

உதடுகள் அகன்றன. கருப்பு டிஸ்க் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. தோலுக்கு அடியில், தொண்டை இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒன்று சதுரமாக மேலும் கீழும் ஏறி இறங்கியது.