வெற்றுக் கட்டத்துக் காற்று

“சன்னலை அடைச்சிருங்க அண்ணாச்சி. காத்துச் சத்தம் கேட்டா அவுக கூப்பிடுத மாதிரியே இருக்கு.”

குற்றாலநாதனின் மேலகரம் வீட்டுக்குள் நுழைந்ததும் சண்முகசுந்தரி சொன்ன முதல் பேச்சு அதுதான். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே குளிக்க ஓடும். இந்தப் பெண் மட்டும் நாலு வருஷமாக, சீசன் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாளாம். குற்றாலநாதன் எழுந்து சன்னலை அடைத்தார். கப்பல் கம்பெனியில் விபத்து விசாரணை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் அழுதாலும் அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் அவருடைய கூட்டாளி, ரேடியோ ரிப்பேர் கடை மசூதுக்குத்தான்.

அவள் கணவன் அய்யாக்குட்டி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். 1978 ஆகஸ்டில், லட்சத்தீவுக்கு வடக்கே, ஒரு மாலை ஆறு மணிக்குக் கடலோடு போய்விட்டான். உடன் வேலை பார்த்த நல்லக்கண்ணு ஊருக்கு வந்து ஒரு கதை சொன்னான். கடல் அசையாமல் கிடந்ததாம். காற்று, மழை எதுவும் இல்லையாம். அய்யாக்குட்டி மனைவியின் கடிதத்தை மேல்தளத்தில் விரித்து வைத்துவிட்டுக் குதித்தானாம்.

“சண்டையில எழுதிட்டேன் அண்ணாச்சி, ‘இனிமே இந்த வாசல்படி மிதிக்காதீய’ன்னு. ‘புருசனைக் கொன்னவ’ன்னு வாசுதேவநல்லூர்ல அவுகளப் பெத்த எங்க அத்தை தெருவுல வச்சே சொல்லுதாக. அவுக சாவுக்கு நாந்தான் காரணமா? அத மட்டும் சொல்லுங்க.”

இரண்டு தாள்களை அவள் நீட்டினாள். ஒன்று அந்தக் கடிதம். மற்றது, திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் அவள் தம்பி ‘விவரம் நேரில்’ என்று ஒரே வரியோடு அனுப்பிய படம். ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் அதே நாள், அதே நேரம் கடல்மேல் அளந்த காற்றின் வேகம். நூறு நாள் ஓடிவிட்டு அந்தச் செயற்கைக்கோளும் செத்துப்போயிற்று. கட்டம் கட்டமாக எண்கள். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலக் குறிப்பு. கப்பல் இருந்த கட்டத்தைத் தம்பி சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

“எண்ணே இல்ல அண்ணாச்சி! காத்தே இல்லன்னுல்லா அர்த்தம்? அப்போ நல்லக்கண்ணு சொன்னது நெசந்தான்,” என்ற மசூது, அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குற்றாலநாதன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பேனா மையில் எழுதியது. ஓர் எழுத்துகூடக் கலங்கவில்லை. “இதோட உறை எங்கம்மா?”

“நல்லக்கண்ணு அண்ணன் தாளை மட்டுந்தான் தந்தாக.”

மறுநாள் காலை, குற்றாலம் பஜாரில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் நல்லக்கண்ணுவை மசூது கையோடு கூட்டி வந்தான். சண்முகசுந்தரியும் வந்திருந்தாள்.

“மசூது, காத்து இல்லேன்னா சின்ன எண் இருக்கும். இங்கன ஓரத்துல பாரு, மூணு,” என்றார் குற்றாலநாதன். “வட்டத்தைச் சுத்தி எல்லாக் கட்டத்துலயும் மணிக்கு முப்பத்தஞ்சு கடல்மைலுக்குக் கொறையல. கூரை ஓட்டைப் பிய்க்கிற காத்துல்லா அது! செயற்கைக்கோள் காத்தைப் பாக்கதில்ல. கடல்மேல ரேடார் அலையை அடிக்கும். காத்து எழுப்புன சிற்றலையில பட்டுத் திரும்புதத வச்சுக் கணக்குப் போடுவாங்க. நடுவுல கனமழை பெஞ்சா கணக்கு கெட்டுப்போகும். கட்டத்தை வெறுமனே விட்டுருவாங்க. அடியில அதைத்தான் எழுதியிருக்கு.”

நல்லக்கண்ணு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அந்தக் காத்துல விரிச்சு வச்ச தாள் நிக்குமா? அந்த மழையில மை கலங்காம இருக்குமா? கடிதம் தளத்துக்கே போகல. அப்போ உறையை மட்டும் ஏன் ஒளிச்சே? அதுல தபால் போயிச் சேந்த ஊரு முத்திரை இருக்கும், தேதி இருக்கும்.”

நல்லக்கண்ணு அப்படியே உட்கார்ந்துவிட்டான். “ஏடன்ல கரை சேந்த பெறகுதான் அண்ணாச்சி தபாலே வந்துது. அவன் போயி ஆறு நாளு ஆச்சு. அன்னைக்குச் சரக்குக் கயித்தை இறுக்க என் முறை. அலையைப் பாத்து நடுங்கிட்டேன். ‘நீ இரு, நான் போயிட்டு வாரேன்’னு அவன் போனான். அவன் இடுப்புக் கயித்தை நான் பிடிச்சிருக்கணும். பயத்துல விட்டுட்டேன்.”

“அப்போ அவுக அதைப் படிக்கவே இல்லையா?” என்று கேட்டாள் சண்முகசுந்தரி.

“இல்லம்மா,” என்றார் குற்றாலநாதன்.

அவள் ஓவென்று அழுதாள். மசூதும் அழுதான். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏலே, எந்திரி. வாசுதேவநல்லூர் பஸ்ஸு வந்துரும். எங்க அத்தைகிட்ட உன் வாயால சொல்லு, தெருவே கேக்கணும். நாலு வருசம் நான் கொலைகாரியா இருந்தாச்சு. இனி நீ இரு.”