நாலாவது ஆள்

பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் தாயில்பட்டிப் பக்கம் போனதில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஆர்த்தி அந்த மூடிக்கிடந்த பட்டாசு யூனிட்டில் வந்து இறங்கியபோது நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது. சுற்றிலும் சீமைக்கருவேலம். ஒரு குருவிச் சத்தம் கிடையாது. வெடிவிபத்து நடந்து இரண்டு வருஷமாகியும் காற்றில் கந்தக வாடை இருந்தது. இத்தனை மழைக்குப் பிறகும் அது எப்படிப் போகாமல் இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

யூனிட் மகேஷ்குமாரின் தாய்மாமாவுடையது. சிவகாசியில் அவன் குடும்பமே பட்டாசும் காலண்டரும் என்று உருப்படியாக இருக்க, இவன் ஒருத்தனுக்கு மட்டும் சினிமாப் பைத்தியம். மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இடத்தை வாங்கியிருந்தான். எடுப்பது சயின்ஸ் ஃபிக்ஷன் படம். ஒரு பெண் ஓர் அறைக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறாள். தான் கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு நிரல் என்பது அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியில் கதவைத் திறந்து பார்ப்பாள். வெளியே உலகம் என்று ஒன்றும் இருக்காது.

கதாநாயகிக்கு நடிகை கிடையாது. கேமரா காலி அறையை எடுக்கும். ஆர்த்தியின் லேப்டாப்பில் இருக்கும் செயற்கை நுண்ணறிவு அதே நேரத்தில் ஒரு பெண்ணை உருவாக்கி அங்கே உட்காரவைக்கும். மைக்கில் கேட்டால் பதிலும் சொல்வாள். ஆனால் முகமும் குரலும் எங்கிருந்தோ எடுத்தவை அல்ல. இதே அறையில் வெடிவிபத்தில் செத்த பாண்டிமீனாவுடையவை. அவள் புருஷன் பாண்டிச்செல்வம்தான் இப்போது இங்கே காவல்காரன். அவளுடைய பழைய செல்போன் வீடியோக்களை அவனே கொண்டுவந்து கொடுத்திருந்தான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவள் பேசுவதை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்றான்.

அதை ஆர்த்தி ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் ஆசைதான், தன் கைவேலையைப் பார்க்க.

அறை வாசலில் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. மகேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகுமுன் அதில் உள்ளங்கையை வைத்து எடுத்தான்.

"எதுக்கு அது?" என்றாள் ஆர்த்தி.

"ஒடம்புல இருக்குற கரண்டு மண்ணுக்குப் போயிரும். மருந்து பத்திக்கிடாது. வேலைக்குப் போற ஆளு தொட்டுட்டுத்தான் போகணும். சின்னப்பிள்ளையிலிருந்து பழக்கம், விட மாட்டேங்குது. நீயும் தொடு."

அவளும் தொட்டாள். அந்த வெயிலிலும் தகடு சில்லென்று இருந்தது.

பாண்டிச்செல்வம் மட்டும் எதிரே இருந்த வேப்பமரத்தடியை விட்டு வரவில்லை.

"நீங்க போங்கம்மா. நான் அங்கன காலு வைக்க மாட்டேன்" என்றான். "ஒரு ரூமுக்கு நாலு பேரு. அதுக்கு மேல ஆள் கூடாதும்பாக. நாங்க நாலு பேரா இருந்தோம். திரி எடுக்க ஸ்டோருக்குப் போனேன். திரும்பி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

மகேஷ்குமார் கேமராவை அறைக்குள் நிறுத்திவிட்டு வந்தான். மானிட்டரை வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். ஆர்த்தி ஓடவிட்டாள். பாண்டிமீனா வந்தாள். தரையில் உட்கார்ந்து, குனிந்து, காகிதக் குழாய்க்குள் மருந்தை இட்டு மட்டம் தட்டிக்கொண்டிருந்தாள். மூக்குத்தி இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. உள்ளே உலோகம் ஆகாது என்பதால் அப்படி. அதை யாரும் லேப்டாப்புக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாண்டிச்செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"பிரமாதம் ஆர்த்தி" என்றான் மகேஷ்குமார். பிறகு குனிந்து பார்த்தான். "எதுக்கு இன்னும் ரெண்டு பேரைப் போட்ட?"

அவள் போடவில்லை. ஆனாலும் மானிட்டரில் பாண்டிமீனாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஒரு சிறு வயசுப் பெண். மூன்று பேரும் வேலையில் இருந்தார்கள். நான்காவது இடத்தில் கோணிச்சாக்கு மட்டும் விரித்திருந்தது.

ஆர்த்தி எட்டி அறையைப் பார்த்தாள்.

காலி.

"கண்ணுச்சாமி அண்ணன்" என்றான் பாண்டிச்செல்வம் மெதுவாக. "அந்தப் பிள்ள சுகிர்தா. மூணு பேருந்தான் செத்தாக."

அவர்களுடைய வீடியோ எதுவும் ஆர்த்தியிடம் இல்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். மானிட்டரில் அந்த மூன்று பேரின் கைகளும் நிற்கவில்லை.

பாண்டிமீனா நிமிர்ந்தாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"மச்சான்" என்றாள். "அங்கன என்ன செய்றீக?"

மகேஷ்குமார் மைக்கைப் பிடுங்குவதற்குள் பாண்டிச்செல்வம் அதை எடுத்துவிட்டான்.

"மீனா, நீ நல்லா இருக்கியாத்தா? ரொம்ப வலிச்சுதா?"

"எனக்கு எதுக்கு வலிக்கணும்? வெடிச்சது வெளியதான. உள்ள நாங்க நல்லாத்தான் இருக்கோம்." அவள் குரலில் பாசமும் கொஞ்சம் கோபமும் இருந்தன. "ஸ்டோருக்குப் போன ஆளக் காணோம்னு உக்காந்திருக்கோம். வெளிய எல்லாம் எரிஞ்சு போச்சு மச்சான். ஊரு இல்ல, ரோடு இல்ல. நீங்க எங்கன நிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறீக?"

"கேக்காதீக அண்ணே" என்றாள் ஆர்த்தி. "அது மெஷினு. படத்துக் கதையை நாங்கதான் அதுக்குள்ள போட்டோம். அதைத் திருப்பிச் சொல்லுது, அம்புட்டுத்தான்."

பாண்டிச்செல்வம் அவளைப் பார்த்தான். கோபமே இல்லை.

"ரெண்டு வருசமா எனக்குச் சோத்துல ருசி தெரியலைம்மா. படுத்தா தூக்கமில்ல. ரோட்டுல போனா ஒருத்தரும் என் மொகத்தப் பாத்துப் பேசுறதில்ல. இது உசிரோட இருக்குறதுன்னா நீங்க நம்புதீகளா?"

ஆர்த்தி மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

அவன் எழுந்து நடந்தான். மகேஷ்குமார் சட்டையைப் பிடித்தான். சட்டையின் கைதான் கிழிந்து கையோடு வந்தது. வாசலில் பாண்டிச்செல்வம் செருப்பைக் கழற்றினான். செல்போன், சாவி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துத் திண்டில் வைத்தான். அரைஞாணில் கோத்திருந்த தாயத்தைக்கூட அவிழ்த்து வைத்தான். செம்புத் தகட்டில் கையை வைத்தான். வேலைக்குப் போகிற ஆளாக, கொஞ்சம் அவசரமாக, உள்ளே போனான்.

இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். நான்கு பக்கமும் வாசல் திறந்து கிடந்த அந்தச் சின்ன அறையில் ஒளிவதற்கு இடமில்லை.

ஆளே இல்லை.

வேப்பமரத்தடியில் மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கில் பாண்டிச்செல்வம் உட்கார்ந்திருந்தான். பாண்டிமீனா ஏதோ சொல்லிச் சிரிக்க, அவனும் சிரித்தான். அவன் சிரித்து ஆர்த்தி பார்த்ததில்லை.

"அண்ணே, வெளிய வாங்க" என்று மைக்கில் கதறினாள்.

அவன் நிமிர்ந்தான். குரல் வந்த திசையைத் தேடுகிறவனாக அங்குமிங்கும் பார்த்தான்.

"அம்மா, நீங்களும் உள்ள வந்துருங்க. அந்தத் தீக்குள்ள எதுக்கு நிக்கிறீக?" என்றான். "இந்த ரூமுல நாலு பேரு ஆயிருச்சு. பக்கத்து ரூமு காலியாத்தான் கெடக்கு."

ஆர்த்தி ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. பூட்டியிருந்த பக்கத்து அறைக்குள் யாரோ தரையைக் கூட்டும் சத்தம் கேட்டது.

போலீஸ் வந்தது. நாயைக் கொண்டுவந்தார்கள். அது தகட்டடியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. கருவேலங்காடு, கிணறு, எல்லாம் தேடிவிட்டு, பெண்டாட்டி போன துக்கத்தில் எங்கோ போய்விட்டான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். மகேஷ்குமார் மதுரைக்குப் போய்விட்டான். படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த வாரம், ஒரு காலைப்பொழுதில், சூலக்கரையில் தன் வீட்டில் ஆர்த்தி லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அம்மா அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் காய்கறி வண்டி கத்திக்கொண்டு போனது. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தவள், யாரும் எடுக்காத ஒரு காட்சி கடைசியில் இருப்பதைப் பார்த்தாள்.

திறக்காமல் அழித்திருக்கலாம். யாரால் முடியும்?

பக்கத்து அறை. தரையெல்லாம் சுத்தமாகக் கூட்டி, தண்ணீர் தெளித்திருந்தது. மகேஷ்குமார் உட்கார்ந்து மருந்து இட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இவளுக்கு அது இல்லாமல் போய் ஒரு வாரமாகிறது.

அடுக்களையில் தோசைக்கல் சத்தம் நின்றது.

தெருவில் வண்டிச் சத்தமும் இல்லை.

"அம்மா" என்று கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து கந்தக வாடைதான் வந்தது.

திரையில் இருந்த ஆர்த்தி வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்தாள்.

"மகேஷ், அங்க ஒரு பிள்ள நிக்கிற மாதிரி தெரியல?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"வெளிய யாரும் இல்ல ஆர்த்தி. வேலையப் பாரு."

திரையில் இருந்தவள் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து இந்தப் பக்கமாக வந்து, அறைக் கதவை உள்ளிருந்து சாத்தினாள்.