ஒன்பது பக்கம்

அறையில் அவன் ஒருவன்தான் இருந்தான். திரையிலோ இரண்டு பேர் பேசியிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி. நாவலின் கடைசி அத்தியாயத்தை வழக்கம்போல மடிக்கணினியிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்வதைக் கேட்டு எழுதும் அந்தச் செயலி, பேசியது யார் என்றும் பிரித்துக் காட்டும். 'பேசுபவர் 1' என்று அவனுடைய ஒரு பத்தி. அதன் கீழே, 'பேசுபவர் 2: ம்.'

மின்விசிறியின் சத்தத்தை அது தப்பாகக் கேட்டிருக்கும் என்று விசிறியை நிறுத்தினான். அதுவரை அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது: சமையலறைக் குழாய் சொட்டுவது, ஜன்னல் திரையின் வளையங்கள் கம்பியில் உரசுவது, பக்கத்து அறையைக் கழுவிக் கழுவித் துடைத்தும் போகாத மருந்தும் பவுடரும் கலந்த வாடை.

பக்கத்து அறை அக்காவுடையது. அக்கா தட்டச்சுக்காரி. அலுவலகத்தில் பகலெல்லாம் தட்டிவிட்டு வந்து, வீட்டில் இவன் சொல்லச் சொல்ல இவனுடைய கதைகளையும் தட்டித் தருவாள். பதினோரு வருஷம். ஒரு வாக்கியம் முடிந்தால் 'ம்' என்பாள், அடுத்ததைச் சொல் என்று அர்த்தம். காதில் சரியாக விழாவிட்டால் தலை நிமிராமலே, "திருப்பிச் சொல்லு தம்பி. மெதுவா" என்பாள். செயலி வந்ததும் அக்காவுக்கு வேலை இல்லாமல் போனது. அடுத்த வருஷமே வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்து, படுத்த படுக்கையானாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதிப்பகத்து ஆசிரியை கைப்பிரதியைத் திருப்பி அனுப்பினார். நாவலில் வருவதும் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்தான். "நோயாளி பேசுற மாதிரியே இல்ல சார். நீங்க பேசுற மாதிரி இருக்கு," என்றார் போனில். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவனுக்கு. நோயாளி எப்படிப் பேசுவாள் என்று ஊரெல்லாம் அலைய வேண்டாமே, வீட்டிலேயே ஒருத்தி கிடக்கிறாள்.

போனில் செயலியை ஓடவிட்டு அவள் தலையணைக்கு அடியில் வைத்தான். "தண்ணி" என்று கூப்பிட்டால் உடனே போகமாட்டான். முதல் கூப்பாட்டில் வெறும் வார்த்தைதான் இருக்கும். நாலாவது, ஐந்தாவதில்தான் உயிர் வரும். இதைத் தொழில் நுணுக்கம் என்று அவன் நினைத்துக்கொண்டான். மனுஷனாகப் பிறந்தவர்கள் வேறு பெயர் வைப்பார்கள். கடைசி நாள் அவள் "மூச்சு முட்டுது" என்றபோதும் கதவருகில் நின்றபடி, "திருப்பிச் சொல்லுக்கா. மெதுவா," என்றான். சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் உள்ளே போனபோது செயலியில் ஒன்பது பக்கம் முடிந்திருந்தது. அக்காவும் முடிந்திருந்தாள்.

அந்த ஒன்பது பக்கத்தைப் படித்துவிட்டு ஆசிரியை அழுதாராம். "இதே குரல்ல இன்னும் ஒரு அத்தியாயம் குடுங்க சார். மாசக் கடைசிக்குள்ள வந்தா புத்தகம் போட்டுடலாம்." இருபது வருஷக் கனவு, ஒரே ஓர் அத்தியாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால்தான், அந்த 'ம்'மைப் பார்த்ததும் எழுந்து ஓடியிருக்க வேண்டியவன் ஓடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா," என்றான். "எப்படி இருந்துச்சு? அந்தக் கடைசி நேரத்துல. சொல்லேன்."

எழுத்துகள் நிதானமாக விழுந்தன. செயலியின் வேகம் இல்லை அது. விரல்கள் தட்டும் வேகம்.

'பேசுபவர் 2: நீ சொல்லு தம்பி. நான் எழுதிக்கிறேன்.'

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. கட்டிலை அவன் போன வாரமே யாருக்கோ கொடுத்து அனுப்பியிருந்தான்.

எழப் பார்த்தான். வலது கால் வரவில்லை. கையைப் பார்த்தான். மேசைமேல், யாருடையதோ போலக் கிடந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. நாற்காலி நழுவியது. தரை. கன்னத்தில் சில்லிப்பு. கூடவே விழுந்த மடிக்கணினி, முகத்துக்கு நேராக. தண்ணீர் ஜாடி மேசைமேல். போனும் மேசைமேல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி," என்றான்.

'பேசுபவர் 1: தண்ணி.'

மருந்தும் பவுடரும். பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

"யாராவது... தண்ணி."

'பேசுபவர் 1: யாராவது தண்ணி.'

'பேசுபவர் 2: திருப்பிச் சொல்லு தம்பி. மெதுவா.'

இந்தத் தடவை காதிலும் கேட்டது. தலை நிமிராமல் பேசும் குரல். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்து கெஞ்சியிருப்பான். வேலையில் இருக்கிறவளின் குரல் அது.

திரையின் அடியில் பக்க எண் தெரிந்தது. ஒன்பதில் முதல் பக்கம். மிச்சம் எட்டும் வெள்ளையாகத் திறந்து கிடந்தன.

அவன் திருப்பிச் சொன்னான்.

'ம்.'